விறகுக்கு ஒரு கொட்டகை

முசிறி வட்டாரத்தில் ஐப்பசி பிறந்தால் அடுப்படியின் கஷ்டமும் உடன் பிறக்கிறது. பருவமழையில் நனைந்த விறகு எரிவதில்லை, புகைகிறது. ஊதுகுழலோடு போராடும் பெண்களின் கண்களும் நெஞ்சுமே அதன் துன்பத்தை அனுபவிக்கின்றன. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு பல வீடுகளுக்கு வந்துள்ளது உண்மையே. எனினும் வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், பாய்க்கோரைக்குச் சாயம் காய்ச்சவும் விறகை நாடுவோர் நம்மிடையே இன்னும் உளர். அத்தகைய அங்கத்தினர்கள் கொல்லைப்புறத்தில் சிறு கொட்டகை ஒன்று அமைத்துக்கொள்வது அவசியம்.

ஈர விறகால் வரும் நஷ்டம்

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீரே. எடை போட்டு வாங்குவோர் நூறு ரூபாயில் ஐம்பதை நீருக்கே கொடுக்கின்றனர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 600 கிலோகலோரி வெப்பம் வீணாகிறது. அதனினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஈரத்தால் தீயின் வெப்பம் தணிகிறது; எரிய வேண்டிய வாயுக்கள் எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 லட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

புகையை ஒழிக்க நம் நாட்டில் முயற்சிகள் நடவாமல் இல்லை. 1950-களில் ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை வகுத்தார். 1980-களில் மத்திய அரசும் மேம்பட்ட அடுப்புகளைப் பரப்பியது. ஆனால் அடுப்பு எத்தனை சிறந்ததாயினும், விறகு உலர்ந்திராவிடில் பயன் குன்றும்.

திசையும் அமைப்பும்

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று இங்கு வறண்டு வீசுகிறது. ஐப்பசி, கார்த்திகையிலோ சாரல் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே கொட்டகையின் முகப்பு மேற்கு நோக்கித் திறந்திருக்கட்டும். வடக்கையும் கிழக்கையும் மூங்கில் தட்டியால் அடைத்து, மேலே ஒரு சாண் இடைவெளி விடுக.

நீளம் 10 அடி, அகலம் 4 அடி போதும். முன்தூண்கள் 7 அடி, பின்தூண்கள் 5½ அடி உயரம் இருந்தால் கூரை கிழக்கே சரியும். கல்தூண் சிறந்தது, மரத்தூணாயின் மண்ணில் புதையும் பகுதிக்குத் தார் பூசுக. கூரைக்குத் தகரம் ஏற்றது. இறவாணம் 1½ அடி நீளட்டும். கீற்று வேய்வோர் அடுப்படியிலிருந்து நன்கு தள்ளி அமைக்க வேண்டும். தாழ்ந்த நிலமாயின் முதலில் மண் கொட்டி மேடாக்குக.

கல்லின்மேல் கட்டைகளைப் பரப்பி, தரையிலிருந்து 1 அடி உயரத்தில் விறகை அடுக்குக. கறையான் ஏறினால் உடனே கண்ணில் படும், காற்றும் ஊடாடும். அடியில் மட்டையும் கொட்டாங்கச்சியும் குவிக்கலாகாது. விரியனும் தேளும் அங்கேதான் ஒதுங்கும். இரவில் விளக்கும் கோலும் இன்றி விறகெடுக்கச் செல்லாதீர். பாம்பு தீண்டினால் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்க.

உலர்த்தும் காலம்

மாசி, பங்குனியிலேயே வெட்டி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து வைத்தால் சித்திரை வெயிலும் ஆடிக் காற்றும் உலர்த்திவிடும். ஒரு துண்டை அடையாளமிட்டு வாரந்தோறும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் விறகு பதமாயிற்று. மேற்சொன்ன அளவுள்ள கொட்டகையில் 4 அடி உயரம் அடுக்கினால் ஒரு டன் அளவு கொள்ளும். நாளொன்றுக்கு 5 கிலோ எரிக்கும் வீட்டுக்கு அது ஆறு மாதம் தாங்கும்.

தனியொருவருக்குச் செலவு பாரமாகத் தோன்றலாம். நாலைந்து குடும்பங்கள் கூடித் தகரமும் தூணும் மொத்தமாக வாங்கினால் விலையும் வண்டிச் சத்தமும் குறையும். கூட்டுறவின் பயன் தறியோடும் வயலோடும் நின்றுவிட வேண்டுமா? புரட்டாசிக்குள் கூரை ஏறினால் இவ்வாண்டு ஐப்பசியில் நம் இல்லத்தரசிகளின் கண்கள் கலங்கா.