நாலு மில்லிமீட்டரில் ஒளிந்திருக்கும் ரகசியம்

உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர், சக்கரத்தை ஒட்டி வயர்கள், உள்ளே லேப்டாப்பும் கையுமாக ஒரு இன்ஜினியர். இப்படி ஒரு கார் எதிரே வந்தால் விட்டுவிடாதீர்கள், நன்றாகப் பாருங்கள்! இன்னும் விற்பனைக்கு வராத சோதனைக் கார் அது. ரோட்டில் ஓடிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பியதும் அதற்கு நடக்கிற வைத்தியம் இருக்கிறதே, அதற்கு முன்னால் ஷோரூம் பளபளப்பெல்லாம் ஒன்றுமே இல்லை!

நம் கோயம்புத்தூரிலேயே அப்படி ஒரு வைத்தியம் நடந்தது. முன்னாள் பந்தய வீரர் ஜெ. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் 2017-ல் சரிபாதிப் பங்குக்குக் கைகோத்தன. வீட்டுக்கு வீடு நிற்கிற டாடாவின் டியாகோ காரை வேகக்காராக்குவது திட்டம். 2018 பிப்ரவரியில் ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள், அக்டோபரில் 6.39 லட்ச ரூபாய்க்கு ‘டியாகோ ஜேடிபி’ விற்பனைக்கே வந்துவிட்டது. 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 114 பி.எஸ். திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 9.95 விநாடி போதும் என்றது கம்பெனி. டயர் 14 அங்குலத்திலிருந்து 15-க்கு ஏறியது.

என்னை மயிர்க்கூச்செறிய வைக்கும் எண் இவற்றில் எதுவும் இல்லை. தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் இருந்த 170 மி.மீ. இடைவெளியை 166 ஆக்கினார்கள். வெறும் 4 மி.மீ.! பந்தயத் தடத்துக்கு மட்டும் என்றால் 30 மி.மீ.கூட இறக்கலாம். புதுக்கோட்டையிலிருந்து திருவரங்குளம், வம்பன் தாண்டி ஆலங்குடிக்குக் காரில் வருகிறவர்களைக் கேளுங்கள், அப்படி இறக்கிய கார் ஊருக்கு ஊர் வேகத்தடையில் என்ன பாடுபடும் என்று சொல்வார்கள். தாழ்வாக நின்றால் வளைவில் பிடிப்பு. உயரமாக நின்றால் அடி தப்பும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பட்டறைக்காரர்களின் மொத்தத் திறமையும் இருக்கிறது.

ஷாக் அப்சார்பரைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே எண்ணெய், பிஸ்டன், அதன்மேல் காகிதம்போல மெல்லிய எஃகு வட்டத் தகடுகள். ஒரு தகட்டை மாற்றினால் எண்ணெய் பாயும் வேகம் மாறும். காரின் நடையே மாறிவிடும்! குழியில் இறங்கிய சக்கரம் படக்கென்று எழுகிறதா, நிதானமாக எழுகிறதா என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தகடுகள்தான். ஓட்டு, திரும்பி வா, பிரி, மாற்று, மறுபடி ஓட்டு. மிருதங்க வித்வான் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதுபோலத்தான் இந்த வேலை. பக்கத்திலேயே இன்னொருவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தால் இன்ஜின் எவ்வளவு பாயவேண்டும் என்று கணினியில் திருத்திக்கொண்டிருப்பார். ஜேடிபியில் ‘சிட்டி’, ‘ஸ்போர்ட்’ என்று இரண்டு குணங்கள் வந்தது அந்தத் திருத்தத்தால்தான்.

உலகப் புகழ்பெற்ற கார்களுக்கும் இதே கதைதான். 1989-ல் ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ் மாதிரி காரை ஜப்பானின் சுசுகா தடத்தில் ஓட்டிப் பார்த்த அயர்ட்டன் சென்னா, உடல்கூட்டில் உறுதி போதாது என்று சொல்லிவிட்டார். முந்தைய ஆண்டின் கார் பந்தய உலக சாம்பியன் சொன்னால் சும்மா விடுவார்களா? ஜெர்மனியின் 20.8 கி.மீ. நூர்பர்க்ரிங் தடத்துக்குக் காரைக் கொண்டுபோய், மாதக்கணக்கில் ஓட்டி ஓட்டித் திருத்தினார்கள். கூட்டின் உறுதி ஏறத்தாழ 50 சதவீதம் கூடியது. 1990-ல் அந்தக் கார் விற்பனைக்கு வந்தபோது உலகமே வாய்பிளந்தது!

டாடா–ஜெயம் கூட்டணி 2020-ல் முடிந்துபோனது. ஆனாலும் பழைய ஜேடிபி ஒன்று விலைக்கு வந்தால் ஓட்டிப் பாருங்கள். நேர் ரோட்டில் விரட்டாதீர்கள். குண்டும் குழியுமான வளைவில் மிதமான வேகத்தில் விடுங்கள். ஒரே ஒரு குதி குதித்து உடனே கார் நிதானப்பட்டால், கோவைப் பட்டறையின் உழைப்பு உங்கள் இடுப்புக்கே புரிந்துவிடும்!