போகும் சாலும் திரும்பும் சாலும்
சிறு லேசர் பொறியின் பிழையை அறிவது எப்படி?

நிலத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு ஓர் அறைக்குள் செய்யக்கூடிய தொழில்கள் தேவைப்படுகின்றன. மரப்பலகையிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் எழுத்துகளையும் படங்களையும் பொறிக்கும் சிறு லேசர் பொறி அத்தகைய தொழிலுக்கு உதவும். ஆயினும் எழுத்தின் ஓரம் அரிவாட் பல்லைப்போல் வந்தால் வாங்குபவர் ஏற்கமாட்டார். பலகையும் உழைப்பும் வீணாகும். உடனே மோட்டரை மாற்ற எண்ணி மேலும் கடன்படுவது விவேகமன்று. பிழை எங்கே உள்ளதென்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இப்பொறி ஏர் உழுவதுபோல் வேலை செய்கிறது. ஒரு கோட்டை இடமிருந்து வலமாகச் சுட்டு, அடுத்ததை வலமிருந்து இடமாகச் சுடுகிறது. போகும் சாலும் திரும்பும் சாலும் ஒரே இடத்தில் தொடங்கி முடியாவிட்டால் ஓரம் பிசகும். இதற்குப் பெரும்பாலும் இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, நேரப் பிழை. கட்டளை கிடைத்தபின் லேசர் சற்றுத் தாமதித்தே எரிகிறது. நிமிடத்திற்கு 6000 மில்லிமீற்றர் வேகம் என்பது செக்கனுக்கு 100 மில்லிமீற்றர். செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும் புள்ளி 0.1 மில்லிமீற்றர் தள்ளி விழும். திரும்பும்போது மறுபக்கம் அதே அளவு தள்ளும். ஆகவே இரு கோடுகளுக்குமிடையே 0.2 மில்லிமீற்றர் விலகல் ஏற்படும்.

இரண்டாவது, தளர்வுப் பிழை. பெல்ற் தொய்ந்தோ, பல்லுக் கப்பியின் திருகாணி இளகியோ இருந்தால், திசை மாறும்போது மோட்டர் சுழன்றும் லேசர்த் தலை உடனே நகராது.

இரண்டையும் பிரித்தறியச் செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. கழிவுப் பலகையில் ஒடுக்கமான சில பட்டைகளை 6000 வேகத்திலும், பின் 3000 வேகத்திலும் பொறித்துப் பாருங்கள். வேகத்தைக் குறைக்கும்போது லேசர் சக்தியையும் குறையுங்கள். இல்லையேல் கோடு கருகி அகலும். விலகல் பாதியாகக் குறைந்தால் அது நேரப் பிழை. மாறாதிருந்தால் தளர்வுப் பிழை.

நேரப் பிழைக்கு வேகத்தைக் குறைப்பதே எளிய பரிகாரம். லைட்பர்ன் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு வேகத்திற்கும் உரிய திருத்தத்தைப் பதியலாம். காணப்படும் விலகலில் பாதியையே பதிய வேண்டும். அவசரத்திற்கு ஒரு திசையில் மட்டும் பொறிக்கச் செய்யலாம், நேரம் கூடுதலாகும்.

தளர்வுப் பிழைக்கு மின்னை நிறுத்தி, தலையைக் கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கப்பியின் திருகாணியை மோட்டர்த் தண்டின் தட்டையான பக்கத்தில் இறுக்குங்கள். பெல்ற் தொய்யவும் கூடாது, அளவுக்கு மீறி இறுகவும் கூடாது.

ஓரம் சரியாயிருந்தும் அளவு பிழைத்தால் கணக்கைப் பாருங்கள். சாதாரண மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகரும். ஒவ்வொன்றையும் 16 ஆகப் பிரித்தால் 3200. 2 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள 20 பற்களைக் கொண்ட கப்பி ஒரு சுற்றில் 40 மில்லிமீற்றர் இழுக்கும். ஆகவே ஒரு மில்லிமீற்றருக்கு 80 படிகள். 200 மில்லிமீற்றர் கேட்டு 196 மட்டுமே நகர்ந்தால், 80ஐ 200ஆற் பெருக்கி 196ஆற் பிரியுங்கள். விடை 81.63. பெல்ற்றைச் சரிசெய்த பின்னரே இத்திருத்தத்தைச் செய்ய வேண்டும். தொய்ந்த பெல்ற்றில் எடுத்த அளவு நிலைக்காது.

கண்ணைக் காப்பது எல்லாவற்றிலும் முதன்மையானது. உங்கள் லேசரின் ஒளிக்கென்றே செய்யப்பட்ட கண்ணாடியின்றிப் பொறியை இயக்கவேண்டாம். பிள்ளைகளை அருகில் விடவேண்டாம். பீ.வி.சி. பொருட்களைச் சுடுவது நஞ்சுப் புகையைத் தரும். இயங்கும் பொறியை விட்டு அகன்றால் தீ மூளலாம்.

பயிர் மஞ்சளித்தால் உரம் வாங்குமுன் வேரைப் பார்ப்பது உழவர் வழக்கம். அந்தப் பழக்கத்தை இத்தொழிலிலும் கைக்கொள்வோம். ஒரு கொப்பியில் வேகம், சக்தி, விலகல் ஆகியவற்றைக் குறித்துவைத்தால், அடுத்த பலகை வீணாவதைத் தவிர்க்கலாம்.