பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக யாரிடம் சொல்வது?

2021 மார்ச் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் தன் கைக்குழந்தையை அடிக்கும் வீடியோ பரவியது. பார்த்தவர்கள் பதறினார்கள், பதறியபடியே அடுத்தவருக்கும் அனுப்பினார்கள். பொலிஸார் தாயைக் கைதுசெய்தார்கள். ஆனால் அந்தக் குழந்தை அடிவாங்கும் காட்சியை இனி யாராலும் முழுதாக அழிக்க முடியாது. இப்படியான வீடியோ கைக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். 1929க்கு அழையுங்கள்.

1929 என்பது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவசத் தொலைபேசி இலக்கம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது இந்தச் சபை. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லத் தேவையில்லை. பண்டத்தரிப்பில் இருப்பவர்கள் நேரில் போவதென்றால், சண்டிலிப்பாயில் உள்ள வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகத்துக்குப் போய் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரை அல்லது சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேட்க வேண்டும். பிள்ளைக்கு இப்போதே ஆபத்து என்றால் தாமதிக்காமல் 119க்கு அழைக்க வேண்டும், அல்லது இளவாலைப் பொலிஸாரிடம் சொல்ல வேண்டும்.

இடம் தெரிந்தாலும் எங்கள் ஆட்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. "கண்ணால காணாமல் எப்பிடிச் சொல்லுறது?" என்பது முதற் கேள்வி. நிரூபிப்பது உங்கள் வேலை அல்ல. நியாயமான சந்தேகம் இருந்தால் போதும், விசாரிப்பது அதிகாரிகளின் பொறுப்பு. ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் கணுக்காலுக்கு மேலேயும் நெற்றியிலும் காயம் வருவது வழமை. காது, கன்னம், மேற்கை, முதுகு, தொடையின் உட்பக்கம் ஆகிய இடங்களில் கண்டல் இருந்தால் கவனிக்க வேண்டும். தவழவே தொடங்காத குழந்தையின் உடம்பில் கண்டல் இருந்தால், அது எவ்வளவு சிறிதானாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அடி மட்டுமல்ல, கவனியாமல் விடுவதும் துன்புறுத்தலே. தாயோ தகப்பனோ வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவுடன் என்பது எங்கள் ஊர்களில் சாதாரணம். அதில் தவறில்லை. அந்த அம்மம்மாவுக்கே எழும்பி நடக்க ஏலாமல், பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்து வகுப்பில் தூங்கி விழுந்து, வாரத்தில் மூன்று நாள் வராமலும் நின்றால் அது சொல்ல வேண்டிய விடயம். இப்படியான வீட்டுக்குத் தண்டனை தேவையில்லை, உதவி தேவை. உத்தியோகத்தர்களுக்குத் தெரிந்தால்தான் அந்த உதவி வரும்.

"ஹோமிலை கொண்டுபோய் விட்டிடுவினம்" என்ற பயம்தான் எல்லாவற்றிலும் பெரியது. அது பொய்யான பயமும் அல்ல. ஆனால் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கும் கட்டளையை நீதவான்தான் பிறப்பிக்க வேண்டும். 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளைஞர் கட்டளைச் சட்டம், தகுதியான ஓர் உறவினரிடம் பிள்ளையை ஒப்படைக்கவும் இடம் தருகிறது. ஆகவே முன்வரக்கூடிய மாமியோ சித்தியோ இருந்தால் அதை நன்னடத்தை உத்தியோகத்தரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆசிரியருக்கு ஒன்று தெரியும், குடும்பநல உத்தியோகத்தருக்கு இன்னொன்று, பக்கத்து வீட்டாருக்கு வேறொன்று. சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை லண்டன் 2000ஆம் ஆண்டில் கண்டது. விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமியை வைத்தியசாலைகளும் சமூக சேவையாளர்களும் பொலிஸாரும் தனித்தனியே அறிந்திருந்தார்கள். அவள் சித்திரவதைப்பட்டு இறந்தாள். காப்பாற்ற 12 சந்தர்ப்பங்கள் இருந்தன என்று விசாரணை பிறகு கண்டறிந்தது. உங்களுக்குத் தெரிந்தது அற்பமாகப் படலாம். ஏற்கெனவே யாரோ சொன்னதுடன் அது பொருந்தக்கூடும்.

பாலியல் துன்புறுத்தல் என்ற சந்தேகம் இருந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடுப்புகளைத் தோய்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் ஆளாளுக்குத் துருவிக் கேட்கவும் கூடாது. திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது பிள்ளையை வதைக்கும், வழக்கையும் கெடுக்கும். பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாகச் சாட்சியத்தில் சேர்க்க 1999ஆம் ஆண்டிலேயே சட்டம் வழிசெய்தது. ஊர்ப் பெரியவர்கள் இருந்து சமாதானம் பேசி, "கட்டி வைச்சிட்டால் சரி" என்று முடிப்பது குற்றத்தை மூடிமறைப்பதுதான். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே அல்ல.

அழைக்கும்போது பிள்ளையின் ஏறத்தாழ வயது, வீட்டுக்கு வழி, படிக்கும் பள்ளிக்கூடம், நீங்கள் கண்டது அல்லது கேட்டது என்ன, எந்தத் திகதியில் என்பவற்றைச் சொல்லுங்கள். கண்டதையும் ஊகித்ததையும் பிரித்துச் சொல்லுங்கள். யாரிடம், எப்போது சொன்னீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். நாட்கள் போயும் பிள்ளையின் நிலை மாறவில்லை என்றால் அந்தக் குறிப்புடன் மறுபடி அழையுங்கள், அல்லது பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.