நலத்தை எந்தக் கொத்தால் அளப்பது?

நெல்லைக் கொத்தாலும் புசலாலும் அளக்கிறோம். காணியைப் பரப்பாலும் ஏக்கராலும் அளக்கிறோம். பாலைப் போத்தலால் அளக்கிறோம். நெல் அளக்கும் கொத்தை எடுத்துக்கொண்டு காணி அளக்க எவரும் போவதில்லை. ஆனால் ஒரு நாட்டு மக்கள் நலமாக வாழ்கிறார்களா என்று கேட்டால் மட்டும், நீண்ட காலமாக ஒரே ஓர் அளவையைத்தான் எமக்குக் காட்டி வந்துள்ளனர். அது பொருளாதார வளர்ச்சி வீதம்.

2022இல் இலங்கையின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. 2024இல் அது 5 சதவீதம் வளர்ந்தது. அதே 2024இல் நாட்டு மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் வறுமையில் இருந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது. இரண்டு செய்திகளும் உண்மையானவை. அப்படியானால் வளர்ச்சி வீதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். போரால் வயலை விட்டு வந்தவர்களுக்கும், நீர்த்தேக்கத்துக்காக எழுப்பப்பட்டவர்களுக்கும், 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மண்சரிவால் வீடிழந்தவர்களுக்கும் இது வெறும் படிப்பாளிகளின் விடயமன்று. நிவாரணமும் காணியும் நட்டஈடும் இவ்வாறான கணக்குகளைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன.

வளர்ச்சி வீதம் என்பது என்ன?

ஓர் ஆண்டில் நாட்டுக்குள் உற்பத்தியான பொருட்கள், சேவைகள் எல்லாவற்றினதும் பெறுமதியைக் கூட்டினால் வருவது மொத்த உள்நாட்டு உற்பத்தி. சென்ற ஆண்டை விட அது எவ்வளவு கூடியது என்பதே வளர்ச்சி வீதம். விற்ற நெல், பறித்த கொழுந்து, ஓடிய பஸ், கட்டிய வீடு, ஆசிரியரின் சம்பளம் எல்லாம் இதில் சேரும். நாம் விளைவித்து நாமே உண்ணும் நெல்லுக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

சேராதவை பல உண்டு. வீட்டில் பெண்கள் சமைப்பதும், நோயாளியைப் பராமரிப்பதும் சேர்வதில்லை. அயலவர்கள் கூலியின்றி ஒருவர் வயலில் ஒருவர் இறங்கி உதவுவது சேர்வதில்லை. இவற்றை விட முக்கியமான குறை ஒன்றும் உண்டு. அழிந்தவற்றை இந்தக் கணக்கில் கழிப்பதில்லை. ஷெல் விழுந்து ஒரு வீடு உடைந்தால் கணக்கில் எதுவும் குறையாது. அந்த வீட்டைத் திரும்பக் கட்டினால், சீமெந்தும் தகரமும் மேசன் கூலியும் வளர்ச்சியாகச் சேரும். வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது முன்பிருந்த அதே வீடு அல்லது அதைவிடச் சிறிய வீடு.

இக்குறைகளை முதலில் அறிந்திருந்தவர், இந்தக் கணக்கு முறையை வகுத்தவர்களில் முதன்மையானவரான சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளரே. 1934இல் அமெரிக்கக் காங்கிரசுக்குக் கொடுத்த அறிக்கையில், தேசிய வருமானத்தை மட்டும் பார்த்து ஒரு நாட்டின் நலத்தை அறிய முடியாது என்று அவர் எச்சரித்தார். கணக்கை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை மறந்துவிட்டார்கள்.

பேராதனையைக் கடந்து போகும் ஆறு

இதற்கு உதாரணம் தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. பேராதனைப் பாலத்தில் நின்றால் கீழே மகாவலி கங்கை ஓடுகிறது. அது கண்டி நகரைச் சுற்றிக்கொண்டு பொல்கொல்லையை அடைந்து, பின் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. முப்பது ஆண்டுகளில் செய்யத் திட்டமிட்டிருந்த மகாவலி வேலைகளை, 1977க்குப் பின் வந்த அரசாங்கம் ஆறு ஆண்டுகளில் முடிக்கத் தீர்மானித்தது. பிரித்தானிய உதவியுடன் விக்டோரியாவும் சுவீடனின் உதவியுடன் கொத்மலையும் எழுந்தன. 1985இல் விக்டோரியா அணை திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீரின் கீழ் போயிற்று. இரு பள்ளத்தாக்குகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழுப்பப்பட்டன.

நாட்டின் கணக்கில் இவை பெரிய வரவுகள். அணைக்கட்டு வேலை வளர்ச்சி. அதிலிருந்து வந்த மின்சாரம் வளர்ச்சி. வறண்ட வலயத்தில் புதிதாக விளைந்த நெல்லும் வளர்ச்சி. இவை பொய்யான பயன்கள் அல்ல. இன்றும் அந்த மின்சாரத்தில்தான் விளக்கு எரிகிறது. ஆனால் கணக்கின் மறுபக்கம் எழுதப்படவில்லை.

கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்த மறுபக்கம் விளங்கும். பலா, ஈரப்பலா, தென்னை, கமுகு, மிளகு, கராம்பு, சாதிக்காய், கோப்பி என்று ஒன்றின் நிழலில் ஒன்றாக வளரும் தோட்டம் அது. பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தினர் பல தசாப்தங்களாக ஆராய்ந்து வரும் பயிர்முறையும் இதுவே. அரிசி இல்லாத நாளில் பலாக்காய் உண்டு. பணமுடை வந்தால் மிளகு உண்டு. விறகும் மருந்தும் வேலிக்குள்ளேயே உண்டு. இத்தகைய தோட்டத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் பலருக்கு, மகாவலி வலயங்களில் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டு நிலமும் கொடுக்கப்பட்டன. ஏக்கர்க் கணக்கில் சிலருக்கு இது முன்னிருந்ததை விடக் கூடுதலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் பலா காய்க்கப் பல ஆண்டு செல்லும். மழைக்குப் பழகியவர்கள் வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திருக்க நேர்ந்தது. மலையில் அதிகம் அறியாத மலேரியாக் காய்ச்சல் அங்கே இருந்தது. இவற்றுள் எதுவும் வளர்ச்சி வீதத்தைக் குறைக்கவில்லை.

இலங்கை உலகுக்குக் காட்டியது

வேறு அளவைகளைத் தேடியவர்களுக்கு இலங்கையே நல்ல சான்றாக இருந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை, 1945இல் இலவசக் கல்வி, இவற்றோடு இலவச வைத்தியம், அரிசிக் கூப்பன், மலேரியா ஒழிப்பு என்பவற்றால், வருமானம் குறைந்த இந்நாட்டில் மக்கள் நீண்ட காலம் வாழ்ந்தார்கள்; எழுதப் படிக்கவும் தெரிந்திருந்தார்கள். 1979இல் மொரிஸ் டேவிட் மொரிஸ் என்ற ஆய்வாளர் சிசு மரணம், ஆயுள் எதிர்பார்ப்பு, எழுத்தறிவு மூன்றையும் சேர்த்து ஒரு சுட்டெண் அமைத்தபோது, இலங்கை 100க்கு 80க்கு மேல் பெற்றது.

1990இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணை வெளியிட்டது. பாகிஸ்தானியரான மஹ்பூப் உல் ஹக் அதை முன்னின்று நடத்தினார். வங்காளத்தில் பிறந்து, பின்னர் 1998இல் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் அவருக்குத் துணை நின்றார். அந்த முதல் அறிக்கை இலங்கையைப் பிரேசிலுடன் ஒப்பிட்டது. தலா வருமானம் 400 டொலராக இருந்த இலங்கையில் ஆயுள் எதிர்பார்ப்பு 71 ஆண்டு, எழுத்தறிவு 87 சதவீதம். தலா வருமானம் 2,020 டொலராக இருந்த பிரேசிலில் ஆயுள் 65 ஆண்டு, எழுத்தறிவு 78 சதவீதம். பணம் ஐந்து மடங்கு இருந்தும் பிரேசில் மக்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். நலத்துக்குப் பணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று இருக்கவில்லை.

சராசரிக்குள் மறைந்தவர்கள்

ஆனாலும் இந்தப் புதிய கொத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒருவர் இரண்டு கொத்து அரிசி வைத்திருக்கிறார், மற்றவரிடம் ஒன்றுமில்லை. சராசரி ஆளுக்கு ஒரு கொத்து. கணக்குச் சரி, இரண்டாமவரின் அடுப்பு எரியவில்லை.

மலையகத் தோட்டங்களின் நிலை இதுவாகவே இருந்தது. இலவசக் கல்வி 1945இல் வந்தபோதும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே. நாட்டின் சராசரி உயர்ந்திருந்த காலமெல்லாம் தோட்டப் பகுதி பின்னே நின்றது. 2019ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு, கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத் தரம் எல்லாவற்றையும் சேர்த்துத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பல்பரிமாண வறுமையை அளந்தது. நாட்டில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வறியவர் என்றும், தோட்டப் பகுதியில் பாதிக்கு மேற்பட்டோர் வறியவர் என்றும் தெரிந்தது.

சராசரியில் மறைவதை விடக் கடுமையானது, கணக்கிலேயே சேராமல் போவது. வீட்டு வருமான செலவின ஆய்வைக் கொண்டே எமது நாட்டில் வறுமை கணிக்கப்படுகிறது. 1990/91, 1995/96, 2002 ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2009/10 ஆய்வில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் விடுபட்டன. குடிசன மதிப்பீடும் 1981க்குப் பின் 2012இல்தான் நாடு முழுவதும் நிறைவாக நடந்தது. மக்கள் மரத்தடியிலும் பாடசாலைக் கட்டிடங்களிலும் நலன்புரி நிலையங்களிலும் வாழ்ந்த ஆண்டுகளில், இலங்கையின் வறுமை பற்றி வெளியான எண்களில் அவர்கள் இல்லை.

போர் முடிந்த பின் 2010, 2011 ஆண்டுகளில் நாடு 8 சதவீத அளவில் வளர்ந்தது. வீதிகளும் கட்டிடங்களும் எழுந்த வட மாகாணம் அதை விட வேகமாக வளர்ந்ததாக மத்திய வங்கியின் கணக்கு கூறியது. 2012/13இல் முதன்முறையாக 25 மாவட்டங்களிலும் ஆய்வு நடந்தது. நாட்டின் வறுமை 6.7 சதவீதம், முல்லைத்தீவில் 28.8 சதவீதம். வளர்ச்சி வீதம் மறைத்ததை, எண்ணிப் பார்த்ததும் கண்டுகொண்டார்கள்.

பூட்டானின் பாடம்

பொருளாதார வளர்ச்சியை விட மக்களின் மகிழ்ச்சியே முக்கியம் என்று 1970களில் கூறியவர் பூட்டான் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக். பிற்காலத்தில் உளநலம், உடல்நலம், கல்வி, நேரப் பயன்பாடு, பண்பாடு, நல்லாட்சி, சமூக உறவு, சூழல், வாழ்க்கைத் தரம் என்ற ஒன்பது துறைகளில் அந்நாடு மகிழ்ச்சியை அளக்கத் தொடங்கியது. உலகம் பாராட்டிய முயற்சி இது. எனினும் 1990களின் தொடக்கத்தில், நேபாளி மொழி பேசும் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் அங்கிருந்து வெளியேற நேர்ந்து, கிழக்கு நேபாள முகாம்களில் தங்கினார்கள். எல்லைக்கு வெளியே போனவர்களிடம் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று எவரும் கேட்கப்போவதில்லை. கொத்து எவ்வளவு நல்லதானாலும், யாரை அளக்கிறோம் என்பதே முதற் கேள்வி.

இடம்பெயர்ந்தோருக்கான எட்டு கேள்விகள்

அணைகளுக்காக எழுப்பப்பட்ட மக்களைப் பல நாடுகளில் ஆராய்ந்த சமூகவியலாளர் மைக்கல் செர்னியா, 1990களில் எட்டு இழப்புகளை வரிசைப்படுத்தினார். போராலும் மண்சரிவாலும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் அவை பொருந்துகின்றன. அவற்றை எமது வாழ்க்கைக்கேற்ற கேள்விகளாக இங்கு தருகிறோம்.

1. காணி: உழுவதற்கு நிலம் உண்டா? உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் உண்டா?

2. தொழில்: ஆண்டில் எத்தனை மாதம் வேலை உண்டு? சொந்த வயலிலா, கூலிக்கா?

3. வீடு: கூரை நிரந்தரமானதா? மீண்டும் எழும்பச் சொல்வார்களோ என்ற பயம் உண்டா?

4. மதிப்பு: முன்பு ஊரில் பேச்சுக்கு இடமிருந்தவர், இங்கே கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிறாரா?

5. உணவு: சொந்த நெல்லும் மரக்கறியும் எத்தனை மாதத்துக்குப் போதும்?

6. உடல்நலம்: குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? எந்த நோய் இங்கே வந்தபின் வந்தது?

7. பொதுச் சொத்து: குளம், மேய்ச்சல் தரை, விறகுக்காடு, கோயில், சுடலை ஆகியவற்றுக்கு உரிமை உண்டா?

8. உறவு: நடு இரவில் பிரசவ வலி வந்தால் கூப்பிடும் தூரத்தில் யார் இருக்கிறார்கள்?

ஒன்பதாவதாக நாமே ஒன்றைச் சேர்க்கிறோம். கடன் எவ்வளவு, அது எதற்காக எடுத்தது? வறுமைக் கோடு ஒரு குடும்பத்தின் செலவைப் பார்த்தே கணிக்கப்படுகிறது. கடன் வாங்கிச் சாப்பிட்டாலும் அது செலவாகவே தெரியும். நுண்கடன் தவணைக்கு அஞ்சி வாழும் குடும்பம் கோட்டுக்கு மேலே நிற்பதாகக் காட்டப்படலாம்.

நாம் செய்யக்கூடியது

இதற்கு ஒரு பாடசாலைக் கொப்பி போதும். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ கூடி, ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று நிரல் போடலாம்: புறப்படுமுன், இன்று, அடுத்த ஆண்டு இதே மாதம். மூன்றாவது நிரலை இப்போது வெறுமையாக விட்டுவிட வேண்டும். பெண்கள் தனியாக இருந்து ஒருமுறை பேசுவது நல்லது. தண்ணீர், விறகு, கடன் பற்றிய சரியான பதில் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும். விட்டுவந்த தோட்டத்தில் நின்ற மரங்களையும் கிணற்றையும் மாடுகளையும் வயது முதிர்ந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். தனிக் குடும்பத்தின் கடன் போன்ற விபரங்களைப் பெயரில்லாமல் தொகையாக மட்டும் எழுதுங்கள். ஒரு பிரதியைச் சங்கத்திடம் வைத்து, மற்றொன்றைக் கிராம அலுவலர் மூலமாகப் பிரதேச செயலாளரிடம் கொடுங்கள். கணக்கெடுக்க வருபவர்களிடம், தற்காலிக முகவரியில் இருந்தாலும், உங்கள் குடும்பம் சேர்க்கப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கொப்பி காணியைத் திருப்பித் தராது. ஆயினும் அடுத்த ஆண்டு ஓர் அதிகாரி வந்து உங்கள் பகுதி வளர்ந்துவிட்டது என்று சொன்னால், அந்த மூன்றாவது நிரலை நிரப்பிக்கொண்டு போய் அவர் முன் விரித்து வைக்கலாம்.