கலத்துக்கு வழி கூறும் கருவிகள்: எதனை முதலில் நம்புவது?

கடலிற் செல்லும் கலம் எதுவாயினும், தான் எங்கே இருக்கிறது என்பதை அறிதலே அதற்கு முதற்றேவை. முற்காலத்தில் கதிரவனும் விண்மீன்களும் காந்த ஊசியும் இதற்குத் துணைநின்றன. இன்றோ, ஒரு சிறு படகில்கூட ஜி.பி.எஸ். ஏற்பிகள் இரண்டு, மின்னணுத் திசைகாட்டி, எதிரொலி ஆழமானி, வேகமானி எனப் பல கருவிகள் உள்ளன. சான்றுகள் பலவாகும்போது எதனை முதலில் ஏற்பது என்னும் சிக்கல் எழுகிறது.

அமெரிக்காவின் தேசியக் கடல் மின்னணுவியல் சங்கம் 1983இல் வகுத்த 0183 என்னும் நெறியில், ஒரு கம்பியில் ஒரு கருவியே பேசும், மற்றவை கேட்கும். பின்னர் வந்த ‘என்.எம்.இ.ஏ. 2000’ நெறியில் எல்லாக் கருவிகளும் ஒரே தடத்தில் இணைந்து, நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் செய்தி பரிமாறுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி எண் உண்டு. ஆகவே, ஒரே நேரத்தில் இரண்டு ஏற்பிகள் கலத்தின் இருப்பிடத்தைக் கூறக்கூடும். கேட்கும் கருவி ஒருமுறை இதனையும் மறுமுறை அதனையும் கொண்டால், திரையிற் கலம் துள்ளுவதுபோல் தோன்றும். தானியங்கிச் சுக்கானும் தடுமாறும்.

இதனைத் தவிர்க்க ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒரு முன்னுரிமை வரிசை வகுத்தல் வேண்டும். வானம் மறைக்கப்படாத இடத்தில் அமைந்த ஏற்பி முதலாவது; மற்றது அதற்கு மாற்று. முதலாவது வாய்மூடினால் மாற்று பொறுப்பேற்க வேண்டும். கலத்தின் முகம் நோக்கும் திசையையும், அது உண்மையில் நகரும் திசையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. நீரோட்டம் வலிதாயின் இவை வேறுபடும். முன்னதைத் திசைகாட்டியும் பின்னதை ஜி.பி.எஸ். ஏற்பியும் கூறும்.

ஆனால் வாய்மூடும் கருவியினும் பிழையாகப் பேசும் கருவியே கொடியது. 1995ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் பெர்முடாவிலிருந்து பாஸ்டனை நோக்கி ‘ராயல் மெஜஸ்டி’ என்னும் பயணியர் கப்பல் புறப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். அலைவாங்கியின் கம்பி இணைப்பு விடுபட்டது. ஏற்பியோ, வேகத்தையும் திசையையும் கொண்டு இருப்பிடத்தை ஊகித்துக் கணக்கிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தது. அது ஊகமே என்னும் குறியும் செய்தியுடன் சென்றது. எனினும் தானியங்கிச் சுக்கான் அக்குறியைப் படிக்குமாறு அமைக்கப்படவில்லை. காற்றும் நீரோட்டமும் கப்பலைச் சிறிது சிறிதாக ஒதுக்கின. மறுநாள் இரவு, உரிய வழியிலிருந்து சுமார் 17 மைல் விலகி, நான்டக்கெட் தீவின் கிழக்கே மணல்திட்டில் அது தரைதட்டியது. கப்பலில் இருந்தோர் 1,509 பேர். நல்வாய்ப்பாக எவரும் காயமுறவில்லை.

அக்கப்பலில் நிலத்து வானொலி நிலையங்களைக் கொண்டு இடமறியும் ‘லோரன்-சி’ கருவியும் இருந்தது. அது சரியான இருப்பிடத்தையே காட்டியது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் இல்லை.

இதிலிருந்து தெளிவாவது யாது? முன்னுரிமை வரிசை என்பது பெயர்ப்பட்டியல் மட்டுமன்று. செய்தி எவ்வளவு புதியது, அதனை அனுப்பிய கருவியே அதனைச் செல்லத்தக்கது என்கிறதா என்பவற்றையும் சோதித்தல் வேண்டும். இரண்டு சான்றுகள் முரண்பட்டால் எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டும். ஆழமானி காட்டும் ஆழத்தைக் கடல்வரைபடத்தோடு இடையிடையே ஒப்பிடுவதும் நன்று. ஏனெனில் அது செயற்கைக்கோளைச் சாராத சான்று. வரிசையை வகுக்கப் பொறிக்கு இயலும். ஐயுற்று நோக்குவது மாலுமியின் கடமையேயாகும்.