வாய் திறக்காத வை-பை கார்டு
லினக்சில் பேச வைத்த இரு குழுக்கள்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றியாகிவிட்டது. படம் தெரிகிறது, பாட்டுக் கேட்கிறது. வை-பை மட்டும் வரவில்லை! கார்டு கெட்டுவிட்டதா? பெரும்பாலும் அப்படி இல்லை.

அமெரிக்காவின் பிராட்காம் கம்பெனி செய்த 4306, 4318 போன்ற சில்லுகளின் கதை இது. கார்டை இயக்கும் 'டிரைவர்' என்ற நிரலைக் கம்பெனி விண்டோசுக்குக் கொடுத்தது. லினக்சுக்குக் கொடுக்கவில்லை. சில்லு வேலை செய்யும் விதத்தையும் வெளியே சொல்லவில்லை.

விண்டோஸ் டிரைவரையே லினக்சுக்குள் ஓடவிட்டுப் பார்த்தார்கள் சிலர். ஓடியது! ஆனால் அது இரவல் சட்டை. கிழிந்தால் தைக்க வழியில்லை.

எட்டிப் பார்க்காதவர்கள்

ஆர்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு கம்பெனியின் டிரைவரை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து, சில்லின் நடப்பைக் குறிப்பாக எழுதியது. மற்றக் குழு அந்தக் குறிப்பை மட்டுமே படித்துப் புதிய டிரைவரை எழுதியது; கம்பெனியின் டிரைவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை! ஏன் இந்த ஆசாரம்? காப்பி அடித்தார்கள் என்று நாளைக்கு ஒருவர் வழக்குப் போடக் கூடாதே! 2006 ஜூனில் அந்த டிரைவர் லினக்ஸ் 2.6.17-ல் இடம் பெற்றது. அதன் வாரிசான 'பி43', 2008 ஜனவரியில் வந்தது.

இன்னொரு முட்டுக்கட்டை

அப்படியும் கார்டு பேசாது. கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் சில்லுக்குள் 'பர்ம்வேர்' என்ற சிறு நிரலை ஏற்ற வேண்டும். அது கம்பெனியின் சொத்து. லினக்சோடு சேர்த்து வழங்க அனுமதி இல்லை. கம்பெனியின் டிரைவர் கோப்பிலிருந்து அதை அவரவரே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

டெபியன் லினக்சில் இதற்கென்றே ஒரு நிறுவி உண்டு. கோப்பை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி, வெட்டி, உரிய இடத்தில் வைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், வை-பை வருவதற்கே இன்டர்நெட் வேண்டும்! அந்தச் சில நிமிஷத்துக்குக் கம்பி இணைப்போ, யு.எஸ்.பி. வழியாக இணைத்த செல்போனோ போதும்.

அதற்கு முன் 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்ற கட்டளையைக் கொடுத்துக் கார்டின் எண்ணைப் பார்ப்பது அவசியம். மிகப் பழைய 4306 கார்டுகள் சிலவற்றுக்கு டிரைவரும் வேறு, நிறுவியும் வேறு. எண் தெரியாமல் கண்டதையும் ஏற்றிவிட்டு, லினக்சைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

2010 செப்டம்பரில் பிராட்காம் கம்பெனியே லினக்சுக்கு ஒரு திறந்த டிரைவரை வெளியிட்டது. ஆனால் அது புதிய சில்லுகளுக்கு. பழைய 4318-க்கு இன்றும் 'பி43'தான் துணை.

எல்லாம் செய்தும் வை-பை வரவில்லையா? லேப்டாப்பின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பழைய லேப்டாப்புகள் பலவற்றில் வை-பைக்கென்று தனி சுவிட்ச் உண்டு!