வானிலை அறிக்கையும் டயாலிசிஸ் நாளும்

நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நாடெங்கும் உள்ள வானிலை நிலையங்களில், முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழை அளந்து குறிக்கப்படுகிறது. 1875ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை, இந்த அளவுகளோடு செயற்கைக்கோள் படங்களையும் ராடார் பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்து, நாளொன்றுக்குப் பலமுறை நாடு முழுவதற்குமான அறிக்கையை வெளியிடுகிறது. வங்கக் கடலின் காற்றழுத்தத் தாழ்வு, வடமாநிலங்களின் வெப்ப அலை, இமயமலைப் பகுதியின் பனிப்பொழிவு என எல்லாம் அவ்வறிக்கையில் இடம்பெறும். நம் வீடுகளில் அது பள்ளிக்கு விடுமுறை உண்டா என்று அறிவதற்கே பெரிதும் பயன்படுகிறது, அதில் பிழையில்லை. ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் இருக்கும் வீட்டில் அவ்வறிக்கையை வேறு விதமாகப் படிக்க வேண்டும் என்பது சிறுநீரக மருத்துவர்களாகிய எங்கள் கருத்து.

மாவட்டவாரியாக அறிவிக்கப்படும் நிறங்களை முதலில் பார்ப்போம். பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள், நிலவரத்தைக் கவனித்து வரச் சொல்கிறது. ஆரஞ்சு, ஆயத்தமாகச் சொல்கிறது. சிவப்பு, உடனே செயல்படச் சொல்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதையும் கடந்தால் அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்ததை நினைவிற்கொண்டால், கடைசி வகைக்கு மேல்வரம்பு இல்லை என்பது விளங்கும்.

இந்நிறங்கள் பொதுமக்கள் அனைவருக்குமாக வகுக்கப்பட்டவை. உடல்நலம் உள்ளவர் இரண்டு நாள் வீட்டுக்குள் இருந்துவிடலாம். சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலிலோ, அந்த இரண்டு நாட்களிலும் நீரும் பொட்டாசியமும் வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே இருக்கும். நீர் நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறும். பொட்டாசியம் மிகுந்தால், முன்னறிகுறி ஏதுமின்றியே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு வாரக் கடைசியில் வரும் நீண்ட இடைவெளியே மற்ற நாட்களைவிட ஆபத்து மிகுந்தது என ஆய்வுகள் காட்டியுள்ளன. அதன்மேல் வெள்ளத்தால் இன்னும் ஒரு நாள் கூடுவதைத்தான் நாங்கள் அஞ்சுகிறோம். ஆகவே பிறருக்கு மஞ்சளாக இருப்பதை உங்கள் வீட்டில் ஆரஞ்சாகக் கொள்ளுங்கள்.

புயலைப் பொறுத்தவரை நமக்கு அவகாசம் கிடைக்கிறது. கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 72 மணி நேரத்துக்கு முன்னரே முதல் முன்னறிவிப்பு வருகிறது. 48 மணி நேரத்துக்கு முன் அடுத்த கட்ட எச்சரிக்கை, 24 மணி நேரத்துக்கு முன் அதற்கும் அடுத்தது. இரண்டாம் கட்டத்திலேயே டயாலிசிஸ் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் முறையை முன்னதாக மாற்றித் தரும்படி கேளுங்கள். 2012இல் சாண்டி புயல் அமெரிக்காவின் நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளைத் தாக்கியபோது, முன்கூட்டியே டயாலிசிஸ் முடித்துக்கொண்டவர்கள் அவசர சிகிச்சைக்கு வர நேர்ந்தது குறைவு. அடுத்த 30 நாட்களில் அவர்களிடையே இறப்பும் குறைவாக இருந்தது. நிலநடுக்கத்துக்கு இத்தகைய அவகாசம் இல்லை. இடிமின்னலுக்குச் சில மணி நேரமே உண்டு.

புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதை மட்டும் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்னையின் தெருக்களிலோ அதற்கு முந்தைய நாளே வெள்ளம் புகுந்திருந்தது. உங்கள் மாவட்டம், மருத்துவமனை இருக்கும் மாவட்டம், வழியில் கடக்கும் மாவட்டம் ஆகிய மூன்றின் நிறத்தையும் பாருங்கள். வானிலைத் துறையின் ‘மௌசம்’ செயலியிலும் இணையதளத்திலும் இவ்விவரம் கிடைக்கும்.

எல்லா முயற்சிக்குப் பின்னும் வர இயலாமற்போனால், உணவே கைகொடுக்கும். குடிக்கும் நீரை வழக்கமான அளவில் பாதியாகக் குறையுங்கள். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, உருளைக்கிழங்கு, கீரை, உலர்பழங்கள் கூடாது. நிவாரண முகாம்களில் அன்போடு வழங்கப்படும் புளிச்சோறும் ஊறுகாயும் அப்பளமும் உப்பு மிகுந்தவை. தாகத்தைக் கூட்டி நீர் குடிக்க வைப்பவை. முகாமில் இருப்போரிடம் சொல்லி வெறுஞ்சோறு கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். மூச்சுத் திணறல், படுக்க இயலாமை, கைகால் தளர்ச்சி, படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 108ஐ அழையுங்கள். வெள்ளத்தில் சிக்கியிருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. டயாலிசிஸ் நோயாளி என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

வேறொரு மையத்தில் டயாலிசிஸ் செய்ய நேரலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள், அவை இல்லாவிடில் எந்த இயந்திரத்தில் சேர்ப்பது என்ற குழப்பத்திலேயே நேரம் கழியும். அம்முடிவுகளின் நகல், உலர் எடை, மருந்துப் பட்டியல், கடைசி டயாலிசிஸ் குறிப்பு ஆகியவற்றை நீர்புகா உறையில் இட்டு, ஒரு வார மருந்துகளோடு வையுங்கள். இந்நகல்களை எங்கள் பிரிவின் செவிலியரிடம் கேட்டுப் பெறலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் முறை மாற்றத்தைத் தெரிவிக்க நாங்களே அழைப்போம். கைபேசி எண் மாறியிருப்பவர்கள் புதிய எண்ணையும், அருகில் வசிக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் அடுத்த முறை வரும்போது பதிவேட்டில் எழுதிச் செல்லுங்கள்.